பாதி அர்த்தம்

அக்டோபர் 9, திங்கள்

காலாண்டுத் தேர்வுத் தாள்கள் இன்னும் முப்பத்தொன்று பாக்கி. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தில் நேற்றும் இன்றும் நாளையும் வாழ்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

மாடியிலிருந்து ஆரஞ்சுத் தோல் காய்கிற வாசனை வீடெங்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பூரணியின் வேலை. ஓரகத்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கிருப்பவள் அவள் ஒருத்திதான். இவருடைய தம்பி குமரவேல் மாரடைப்பில் போனபின் மாடிப் பகுதியிலேயே இருக்கிறாள். குழந்தை இல்லை. மூன்று வருடம் ஆயிற்று. இத்தனை காலம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், இந்த ஆடி மாதத்திலிருந்து ரோஜா இதழ் காயவைக்கிறாள். பாகலூர் சாலையில் பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கிற எங்களுடைய பாலிஹவுஸில் தண்டு வளைந்து கழிக்கிற பூவை எல்லாம் இவர் முன்பு உரக்குழியில் கொட்டுவார். இப்போது ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

நல்லதுதான். ஏதாவது செய்துகொண்டிருந்தால் மனசுக்கு ஆறுதல். நான்தான் முதலில் சொன்னேன், அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று.

அக்டோபர் 14, சனி

மிருதுளா பெங்களூரிலிருந்து வந்தாள். பையைக் கூடத்தில் எறிந்துவிட்டு நேரே மாடிக்கு ஏறினாள். "அம்மா, சித்திகிட்ட போய்ட்டு வந்துடறேன்." நான் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு காய்ந்து போகும்வரை வரவில்லை.

அவர்கள் இருவரும் சேர்ந்து இறங்கி வந்தபோது பூரணியின் கையில் ஒரு துண்டுக் காகிதம். இவரிடம் பூ வாங்குகிற பெங்களூர் ஓட்டல்காரப் பெண் ஒருத்தி, மாடியில் கிண்ணத்தில் கிடந்த இதழ்க் கலவையைப் பார்த்துவிட்டு, இதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொல்லி, மாதம் நூறு பாக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்றாளாம். நான் அப்போது பள்ளியில் இருந்தேன்.

"பாட்பூரி-ன்னு எழுதிக் குடுத்தாங்கக்கா. கலந்தாப்பல இருக்கறதுக்கெல்லாம் அதான் பேராம். பூ, தோலு, பட்டை, வெட்டிவேர் எல்லாம் சேந்து கெடக்குதில்ல."

அதைப் போப்புரி என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுச் சொல். நடுவிலுள்ள எழுத்துக்கு ஒலி கிடையாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மிருதுளா, "சித்தி, பூரணி, பூரி! உங்க பேரே உள்ள இருக்கு" என்று அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

பூரணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நானும் அதான் யோசிச்சேன். பாட்-னா பானை. பூரின்னா நம்ம பூரணம் மாதிரி இருக்குமோ? நெறஞ்ச பானை? அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவர் நான் பேசுவதற்காகச் செய்தித்தாளை இறக்கி எத்தனை நாளாயிற்று.

"இருக்கலாம்" என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'அழுகிய பானை' என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

மாவு அரைத்தேன். சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. பாலிஹவுஸில் கத்தரி, மருந்து தெளிக்கிற பம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் படையல். அவற்றின் நடுவே பூரணியின் பாக்கெட்டுகள் பத்து. மிருதுளா கணினியில் வரைந்து அச்சடித்த லேபிள்: மேலே ஆங்கிலத்தில் அந்தச் சொல், கீழே தமிழில் 'பூரண கும்பம்'. மாவிலையும் தேங்காயுமாக ஒரு கலசப் படம் வேறு.

நான் அவளிடம் அர்த்தம் தெரிந்துகொண்டதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சடித்து முடித்துவிட்டார்கள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?

பூஜை முடிந்து பிரசாதம் கட்டும்போது பூரணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஆவணில நம்ம சொந்தத்துல ஜானகி பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு நான் கும்பத்தட்ட எடுக்கப் போனேன், ஞாபகம் இருக்காக்கா? நீ எடுக்காதேன்னுட்டாங்க. இப்ப பாருங்க, நூறு கும்பம் விக்கப் போறேன். யார் வந்து தடுப்பாங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஞாபகம் இல்லாமல் என்ன? அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கியது நான்தான். யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்.

நவம்பர் 5, ஞாயிறு

நான்கு நாளாகத் தூறல். மாடியில் வலையில் பரப்பிய இதழெல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. மூன்று கூடை பூ வீண். பூரணி அழவில்லை. ஊறுகாய் போடுகிற இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகளைக் கழுவித் துடைத்து, பாதி வாடிய இதழை ஓர் அடுக்கு, கல்லுப்பை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு அமுக்கி, மேலே கல் வைத்துவிட்டாள்.

"எலுமிச்சங்காய் கெடாம இருக்குது. இது மட்டும் கெட்டுடுமா?" என்றாள்.

யாரும் சொல்லித்தந்ததில்லை. அவளாகவே யோசித்தது. இவருக்கு அதில் ஒரே வியப்பு. "பத்தாவதோட நிறுத்திட்டாங்களே இவள" என்று இரண்டு தடவை சொன்னார். நான் எம்.ஏ. முடித்தபோது இவர் சொன்ன வார்த்தை, "சரி, பி.எட். எப்போ?"

சாயங்காலம் இவரும் அவளும் ஜாடிப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாலிஹவுஸ் ரோஜாவுக்கு நிறம் உண்டு, மணம் இல்லை. அதனால் கொஞ்சம் பன்னீர் ரோஜா கலக்க வேண்டும் என்று அவள் சொல்ல, தளி ஊர்ப் பக்கம் யாரிடம் கிடைக்கும் என்று இவர் விரல்விட்டுச் சொல்ல, எதற்கோ இருவரும் சிரித்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என்னையும் தோட்டத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார். மருந்து நெடி தலைவலிக்கிறது என்று நான் போகவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அப்படி நினைப்பது அவருக்கும் கேவலம், எனக்கும் கேவலம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. மிருதுளா பயிற்சிக்குப் போன இடத்தில் கொடுத்த பணத்தில் எனக்கொரு புடவை, பூரணிக்கொரு புடவை எடுத்து வந்தாள். என்னுடையது மாம்பழ நிறம். பூரணிக்கு இலைப்பச்சை. எனக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அதிரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 22, புதன்

ஜாடியைத் திறந்தார்கள். போன வாரம் வரை புளித்த வாடை; படிக்கட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இப்போது பார்த்தால் இதழெல்லாம் கறுத்துச் சுருங்கி, வெல்லப்பாகில் கிளறியது போல் ஒட்டிக்கிடக்கிறது. பார்க்க அருவருப்பு. ஆனால் மணம்... கிராம்புப் பொடியும் வெட்டிவேரும் போட்டுக் கிளறியவுடன் கீழ்வீடு வரை நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

எனக்குத் தலைவலி.

பூரணியோடு இப்போது மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். முனியம்மாதான் மூத்தவள், முன்பு இவருடைய தோட்டத்தில் பூ அறுத்தவள்; அடுத்தவள் கௌரம்மா. மாடி போதவில்லை என்று பாலிஹவுஸ் ஓரமாக இருந்த தகரக் கொட்டகையை இவர் ஒழித்துக்கொடுத்திருக்கிறார்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மகளிர் குழுக்களின் கண்காட்சியாம். பூரணியை மேடையில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் என் முன்னால் நின்று பேசிக்காட்டினாள்.

"தப்பு இருந்தா சொல்லிடுங்கக்கா. மைக்குல அசிங்கமாயிடக் கூடாது."

"வாழ்க்கைங்கிறப்ப 'ழ' சரியா வரல" என்றேன். பத்து முறை சொல்லவைத்தேன். நன்றாகத் திருத்திக்கொண்டாள். வேறு தப்பு எதுவும் நான் சொல்லவில்லை.

நவம்பர் 30, வியாழன்

ஒன்பதாம் வகுப்பு 'பி'யில் தினமும் கரும்பலகை மூலையில் ஒரு புதுச்சொல் எழுதுவது என் வழக்கம். பொருள், பிறப்பு, ஒரு வாக்கியம். இன்றைக்கு எழுதிய சொல்: போப்புரி. பல பொருள்களின் கலவை. வாசனைக்காக வைக்கும் உலர்ந்த இதழ்கள். பிரெஞ்சில் 'அழுகிய பானை'. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவாரசியமான சொற்கள்தானே மனதில் நிற்கும்.

ஜோவிதா என்றொரு பெண், முதல் பெஞ்சு. எதைச் சொன்னாலும் மறக்க மாட்டாள். எந்தச் சபையிலும் கை தூக்கிப் பேச வேண்டும் என்று அவளுக்குப் பழக்கிவைத்திருக்கிறேன்.

மதியம் பிரின்சிபல் ஆசிரியர் அறைக்கு வந்து, அடுத்த வாரம் சனிக்கிழமை மகளிர் கண்காட்சிக்கு ஒரு வகுப்பை அழைத்துப் போக வேண்டும், யார் போகிறீர்கள் என்று கேட்டார். விடுமுறை நாள், ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

டிசம்பர் 9, சனி

நாற்பத்திரண்டு பிள்ளைகளை இரண்டு பஸ்ஸில் ஏற்றி இறக்கியதில் இடுப்பு ஒடிந்தது. தண்ணீர்ப் பாட்டில் இரண்டு தொலைந்தன. வெயில் வேறு.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பூரணி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். முதல் வரிசையில் இவரும் மிருதுளாவும். முனியம்மாவும் மற்ற இரண்டு பெண்களும் கடையில் நின்றபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மேடைக்கு இடப்புறம்.

நன்றாகவே பேசினாள். பயமே இல்லை. 'ழ' சுத்தமாக வந்தது. கணவர் போனது, பூ வீணானது, மழையில் பூசணம் பிடித்தது எல்லாம் சொல்லிவிட்டு, பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்கு இங்கிலீஷ்ல பாட்பூரின்னு பேரு. பாட்-னா பானை. பூரின்னா பூரணம். நெறஞ்ச பானை. நம்ம கோயில் வாசல்ல வெக்கற பூரண கும்பம்தாங்க. வெளிநாட்டுக்காரங்களும் அதையேதான் வெச்சிருக்காங்க, பாருங்க!"

கை தட்டினார்கள். நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த இளைஞர் மைக்கை வாங்கி, "பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்திருக்கீங்க. யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்.

ஜோவிதா கை தூக்கினாள். மைக் கொடுத்தார்கள்.

"ஆன்ட்டி, அது பிரெஞ்சு வேர்ட். போப்புரின்னு சொல்லணும். அழுகின பானைன்னு அர்த்தம். எங்க மிஸ் சொல்லிக்குடுத்தாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு கூட்டம் சிரித்தது. அந்த இளைஞர் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப எதுக்கும் ஒரு தடவ மோந்து பாத்துட்டு வாங்குங்க!" என்றார். இன்னும் சிரிப்பு.

பூரணி மேடையிலிருந்து எங்கள் பக்கம் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எடுத்து வைக்க இடம் தெரியாதது போல. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், "எங்க அக்காதாங்க அந்த மிஸ்ஸு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒரு மாணவி சொன்னாள். அதில் என் தப்பு என்ன?

டிசம்பர் 10, ஞாயிறு

பூரணி கீழே இறங்கவில்லை. மிருதுளா நேற்றே பெங்களூருக்குப் போய்விட்டாள், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 13, புதன்

பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "என்ன டீச்சர், உங்க வீட்ல அழுகின பானை வியாபாரமாமே" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். நானும் பதிலுக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு வாயில் கசந்தது.

வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தியின் மாமியார், தாலியறுத்தவள் கையால் அழுகின பானை, அங்கே போகாதே என்று சொல்லி நிறுத்திவிட்டாளாம். இவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "பூரணி ரெண்டு ஜாடியையும் உரக்குழியில கவுத்துட்டா. நான் போறதுக்குள்ள மண்ணும் போட்டுட்டா" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"வேற யார்கிட்ட சொல்ல?"

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தார். இருபத்து நான்கு வருடத்தில் அவர் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை. நான் கழுவ வேண்டாம் என்று தோன்றிவிட்டது போலும்.

டிசம்பர் 16, சனி

மிருதுளா வந்தாள். மாடிக்குப் போகவில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் அவ நோட்டப் பாத்தேன். நவம்பர் முப்பதாம் தேதி எழுதிப் போட்டிருக்கீங்க."

"தினமும் ஒரு வார்த்தை போடறதுதான்."

"அகராதில எத்தனையோ ஆயிரம் வார்த்தை. கண்காட்சிக்கு ஒம்போது நாள் முன்னாடி இதுதான் கெடச்சுதா?"

"தப்பான அர்த்தம் சொல்லிட்டுத் திரியறது சரியா? ஒரு டீச்சரா..."

"டீச்சரா இல்லம்மா. சித்தி உங்ககிட்ட கேட்டாங்க. இந்தக் கூடத்துல நின்னு கேட்டாங்க. நானும் இருந்தேன். இருக்கலாம்னு சொன்னீங்க."

"அப்ப எனக்குத் தெரியாது."

"மறுநாள் தெரிஞ்சிருக்கும். உங்களால அகராதியப் பாக்காம ஒரு ராத்திரி தூங்க முடியாது. எனக்கு உங்களத் தெரியும்மா."

நான் சிவப்புப் பேனாவை மூடிவைத்தேன். அவள் அழுவாள், நான் சமாதானப்படுத்தலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை.

"சித்தி ஃபோன்ல உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அக்கா என்னை நெனச்சு அதச் சொல்லல, புள்ளைங்களுக்காகத்தான் சொல்லிக்குடுத்திருப்பாங்கன்னு சொல்றாங்க. நம்பிக்கிட்டு இருக்காங்க. அவங்க அப்படி நம்பறதாலதான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன்."

டிசம்பர் 17, ஞாயிறு

இந்த நோட்டில் எழுதாமல் விட்டவற்றை இன்று எழுதுகிறேன். யாருக்கும் காட்டப் போவதில்லை. அப்படியிருந்தும் எனக்கே பொய் எழுதி வைத்திருக்கிறேன் என்பதைப் படித்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

கண்காட்சியில் ஜோவிதா கையை முழுக்கத் தூக்கவில்லை. பாதி தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா மிஸ் என்று கண்ணால் கேட்டாள். நான் தலையசைத்தேன். அவள் பதினான்கு வயதுக் குழந்தை. என் தலையசைப்பை நம்பி எழுந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அகராதி விஷயம். 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவு மட்டும் இல்லை. பதினொரு வரி இருந்தது. அன்றைக்கே பதினொன்றையும் படித்தேன்.

பலவகை இறைச்சியையும் காய்களையும் ஒரே பானையில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிடுகிற குழம்புக்கு ஸ்பெயின் நாட்டில் 'அழுகிய பானை' என்று பெயர். உள்ளே போட்டது எது என்று தெரியாத அளவுக்குக் குழைந்துவிடுவதால் இருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் மொழியில் அப்படியே சொன்னார்கள். அதுதான் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் குழம்பு. பிறகு வாசனை இதழ்கள். பிறகு பாட்டோ எழுத்தோ, கலந்து கிடக்கிற எல்லாம். அந்த ஸ்பானியச் சொல் முதலில் 'வலிமையான பானை' என்றுதான் இருந்தது என்று சிலர் சொல்வதுண்டு, ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் போட்டிருந்தது.

கடைசி வரி இது: பழைய காலத்தில் இதழ்களை உலர்த்தாமல், உப்போடு ஜாடியில் அடைத்துப் புளிக்கவிட்டுத்தான் இந்தக் கலவையைச் செய்தார்கள்.

பூரணி கல்லுப்பைக் கையில் எடுத்தபோது எனக்கு இந்த வரி ஞாபகம் வந்தது. பல நூறு வருடத்துக்கு முன் எங்கோ யாரோ செய்ததை, அவள் ஊறுகாய் ஜாடியை வைத்துத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். நான் மாவாட்டும்போதாவது அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள். சொல்லவில்லை. சொன்னால் இவர் இன்னும் வியப்பார்.

டிசம்பர் 19, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு என்பதால் மதியமே வந்துவிட்டேன். மாடிக்கு ஏறினேன். பூரணி வெறும் வலைகளைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

நான் உட்காராமலே சொன்னேன். அக்டோபர் பதினைந்தாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும். தலையசைத்ததையும். அவள் கயிற்றின் முனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் முடிச்சு தானாக அவிழ்ந்தது; அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"ஆமா."

"நா பேசிக்காட்டுனப்பவும்?"

"ஆமா."

அவிழ்ந்த முடிச்சைக் கையிலெடுத்துப் பார்த்தாள். நான் அவசரமாகச் சொன்னேன்: "இன்னொரு அர்த்தமும் சொல்றாங்க பூரணி. வலிமையான பானைன்னு..."

"வேணாங்கா." சட்டென்று நிறுத்தினாள். "மறுபடியும் எனக்கு நல்ல அர்த்தம் எதுவும் சொல்லாதீங்க."

கீழே தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அழுகினதுன்னா அழுகினதுதான். நா ஜாடியில போட்டது என்ன, அழுக விட்டதுதானே? அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானே மைக்குல சொல்லியிருப்பேன். ஆமாங்க, அழுகின பானை, ரெண்டு வாரம் நாறும், அப்புறம்தான் மணக்கும்னு. எனக்கென்ன வெக்கம்?" வலையைத் தரையில் வைத்தாள். "அதில்லக்கா. ரெண்டு மாசம் நா அதக் கும்பம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். காலைல எந்திரிச்சா வேல இருக்குது, அதுக்குப் பேரு கும்பம்னு. அது உங்கள என்னக்கா பண்ணுச்சு?"

இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்டே பழகியவள் நான்.

"மன்னிச்சிடு" என்றேன்.

"என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? முனியம்மாவும் கௌரம்மாவும் அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கடையைக் கட்டுனாங்க. அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. என்னென்ன செஞ்சீங்களோ அத்தனையும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

என்ன பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

காலையில் முதல் வேலையாகத் தேர்வு அறைக்கு வெளியே ஜோவிதாவைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ பண்ணது தப்பில்ல. தலையாட்டுனது நான்தான், தப்பு என்னோடது" என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தாள்.

தெருமுனைப் பால் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் அந்தப் பேச்சையே மறந்துவிட்டிருந்தார். என்னால் மறக்க முடியாதது அவர் மனதில் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பாகலூர் சாலைக் கொட்டகைக்குப் போனேன். இவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நானாகக் கேட்டு அங்கே போவது இதுதான் முதல் தடவை. இறங்கும்போது, "நான் உள்ள இருக்கட்டுமா, வெளிய நிக்கட்டுமா?" என்று கேட்டார். உள்ளே இருங்கள் என்றேன்.

பூரணி, முனியம்மா, கௌரம்மா, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருக்கிற மிருதுளா. நின்றுபோன பெண் வரவில்லை. நடுவில் சாக்கு விரித்து ஒரு குவியல் ரோஜா. மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்த ஐந்து பேர் முன்னால் கரும்பலகை இல்லை, மேசை இல்லை, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

முனியம்மா கைவேலையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க நடுப்பொண்ண உங்க ஸ்கூல்ல சேக்கணும்னு நாயா அலைஞ்சேன் டீச்சரம்மா. இதுக்குத்தான் அவ்ளோ படிக்கிறதா?"

கௌரம்மா, "வுடு, வுடு" என்று அவள் முழங்கையைத் தட்டினாள். இவர் தகரக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை. அழுதால் அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

பூரணி ஒரு முறத்தை என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. நிக்கறதுக்கு நேரமில்ல. இதழ மட்டும் உருவுங்க, பச்ச ஒட்டக் கூடாது."

உட்கார்ந்தேன். முட்கள் எங்கெங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று விரலில் குத்திக்கொண்டேன். இவர் ஒரு பூவை எடுத்து, அடியில் எப்படிப் பிடித்துத் திருக வேண்டும் என்று காட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் போனார்.

பெயர் என்னவென்று மிருதுளா கேட்டாள். புது லேபிள் அடிக்க வேண்டுமாம். பூரணி யோசிக்கவே இல்லை. "பூரணி வாசனைக் கலவை. தமிழ்ல மட்டும் போடு. அர்த்தம் கேட்டு யாரும் யார்கிட்டயும் போக வேணாம்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு.

மதியத்துக்கு மேல் அவளும் மிருதுளாவும் கொட்டகையின் அந்த மூலையில் புது ஜாடியில் உப்பு அடுக்கினார்கள். மிருதுளா ஏதோ காதில் சொன்னாள். பூரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகள் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள். என் தோளில் அவள் அப்படிச் சாய்ந்து ஆறேழு வருடம் இருக்கும்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு பெயர் எதுவும் அதற்கு இல்லை. தலைவலிக்கிறது என்று சொல்லி எழுந்திருக்கலாம். இவர் கூட்டிப்போய் வீட்டில் விட்டிருப்பார்.

முறத்தில் இன்னும் பாதிப் பூ இருந்தது. அடுத்ததை எடுத்து, அடியில் பிடித்துத் திருகினேன்.